ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம், எடை இறங்க மாட்டேன் என்கிறது: என்ன செய்வது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பூர் பக்கம் இருக்கும் ஒரு பெண். வயது 41, உயரம் 158 செ.மீ. ஐந்து மாதம் முன்பு ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி, அதாவது எடை குறைய வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். அப்போது எடை 118 கிலோ, இப்போது 97. கடைசி நான்கு வாரமாக மெஷினில் எண் மாறவே இல்லை. அதே சமயத்தில், எடை குறையவே வயிற்றில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட கொழுந்தனார் 150 கிலோவிலிருந்து 121-க்கு வந்துவிட்டார். வீட்டில் மாமியார் தினமும் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறார். "எனக்கு மட்டும் ஆபரேஷன் ஃபெயிலா? ராத்திரி சாப்பாட்டை விட்டுவிடலாமா? மறுபடி ஒரு வாரம் வெறும் தண்ணீர் ஆகாரத்துக்குப் போனால் வயிறு சுருங்குமாமே?" என்று கேட்டிருக்கிறார். ஒரு நாள் சாப்பாட்டுக் கணக்கையும், போடும் மாத்திரைகளின் பட்டியலையும் கூடவே எழுதியிருந்தார். அது ரொம்ப உதவியாக இருந்தது.

நான் உணவியல் நிபுணர். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களோடுதான் பல வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி எங்களிடம் வராத வாரமே கிடையாது.

நேராகப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் ஆபரேஷன் ஃபெயில் ஆகவில்லை. இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள். தண்ணீர் ஆகாரத்துக்கும் திரும்பாதீர்கள். எடை மெதுவாகக் குறைவதால் வரும் கெடுதலைவிட, அதற்குப் பயந்துபோய் செய்யும் காரியங்களால் வரும் கெடுதல்தான் நான் அதிகம் பார்த்தது. பட்டினி கிடப்பது, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சப்பட்டுச் செக்கப்பைத் தள்ளிப்போடுவது, இந்த இரண்டும்தான் அதில் முக்கியமானவை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். கிலோவைக் கிலோவோடு ஒப்பிடக் கூடாது. ஆபரேஷன் அன்று இருந்த எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்றுதான் நாங்கள் பார்ப்போம். உங்களுக்கு 118-ல் 21 கிலோ, அதாவது சுமார் 18 சதவீதம். கொழுந்தனாருக்கு 150-ல் 29 கிலோ, அதாவது 19 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் ஆண், தசை அதிகம், சும்மா உட்கார்ந்திருந்தாலே உங்களைவிட அதிகக் கலோரி செலவாகும் உடம்பு. செய்துகொண்டதும் வேறு அறுவை சிகிச்சை. ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் மாதிரி தைத்து விடுவார்கள். பைபாஸில் வயிற்றைச் சின்னப் பையாக ஆக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டிச் சாப்பாடு போகும்படி இணைப்பார்கள். பொதுவாகவே பைபாஸில் எடை கொஞ்சம் கூடுதலாகக் குறையும். இத்தனை சாதகம் இருந்தும் அவர் உங்களைவிட இரண்டு சதவீதம்கூட முன்னால் இல்லை. மாமியாரிடம் இந்தக் கணக்கைப் பேப்பரில் எழுதியே காட்டலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு ஒன்று, ஒன்றரை வருடத்தில் மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் வரை குறைவதுதான் வழக்கம். உங்கள் கணக்கில் அது 83-க்கும் 89 கிலோவுக்கும் நடுவில் வந்து நிற்கும். சிலர் அதையும் தாண்டிப் போவார்கள், சிலர் அதற்கு முன்பே நின்றுவிடுவார்கள். "158 செ.மீ. உயரத்துக்கு 57 கிலோ" என்று சுவரில் மாட்டிய அட்டவணையை மனதில் வைத்துக்கொண்டு தினமும் மெஷினில் ஏறினால் எப்போதும் தோற்றது போலவே இருக்கும். இதை ஆபரேஷனுக்கு முன்பே உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை. ஆறே மாதத்தில் ஆளே மாறிப்போன படங்களை மட்டும் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு நோயாளிதான் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அழுகிறார். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

சரி, நான்கு வாரமாக ஏன் நின்றது? எடை என்பது கொழுப்பு மட்டும் இல்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரத்தில் நிறையப் பேருக்கு ஒரு தேக்கம் வரும். அப்போது நடப்பது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று ஒரு மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் இரண்டு வாரத்தில் அந்தச் சேமிப்பு கரையும்போது தண்ணீரும் சேர்ந்து போகும், எடை சரசரவென்று இறங்கும். உடம்பு அதைக் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளும்போது மெஷின் நின்றுவிடும். ஐந்தாவது மாதத் தேக்கத்துக்குக் காரணங்கள் கொஞ்சம் வேறு. மாதவிடாய்க்கு முன் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் சேருவது சாதாரணம். மூன்று நாள் வயிறு போகாவிட்டால் அதுவும் மெஷினில் ஏறும், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மலச்சிக்கல் ரொம்ப சகஜம். நீங்கள் ஒரு மாதமாகத்தான் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாக வேலை வாங்கப்படும் தசை தண்ணீரைப் பிடித்து வைக்கும். கொழுப்பு குறைந்துகொண்டே இருக்கும்போது இவை எல்லாம் சேர்ந்து அதை மறைத்துவிடலாம்.

நீங்கள் எழுதியதிலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. "ஜாக்கெட்டை மட்டும் இந்த மாசம் மறுபடி பிடிச்சுத் தைக்க வேண்டியிருந்தது" என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எடை மாறாமல் ஜாக்கெட் தொளதொள என்று ஆகிறதென்றால் உடம்பின் சுற்றளவு குறைகிறது என்றுதான் அர்த்தம். தையல்காரரின் இஞ்சு டேப் ஒன்றை வாங்கி, தொப்புள் மட்டத்தில் இடுப்பையும், அப்புறம் தொடை, மேல்கை மூன்றையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். எடையை வாரம் ஒரே ஒரு நாள் பாருங்கள். காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு வந்து, ஒன்றும் சாப்பிடாமல், அதே மெஷினில், மெஷினை அதே தரையில் வைத்து. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதில் தெரிவது தண்ணீரும் சாப்பாடும் உள்ளே போய் வெளியே வரும் கணக்குத்தான்.

இதற்கு அப்பால் உண்மையாகவே வேகம் குறையும் காரணமும் ஒன்று உண்டு. 118 கிலோவைச் சுமந்து நடக்கும் உடம்புக்கு ஆகும் செலவு 97 கிலோ உடம்புக்கு ஆகாது. எடை குறையக் குறைய உடம்பு இன்னும் சிக்கனமாகவும் ஆகிவிடும். அதனால் முதல் மூன்று மாதத்தின் வேகம் யாருக்கும் அப்படியே நீடிக்காது. மாதம் இரண்டு கிலோ என்ற அளவுக்கு வந்தால் அது சரியான போக்குதான். ரொம்ப வேகமாகக் குறைந்தாலும் தொல்லை இருக்கிறது. பித்தப்பையில் கல், கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, தசை கரைவது இவை எல்லாம் வேகத்தோடு வருபவை. கல்லுக்குப் பயந்துதான் பல மருத்துவர்கள் முதல் ஆறு மாதம் உர்சோடியாக்சிகோலிக் ஆசிட் மாத்திரை எழுதுகிறார்கள்.

இப்போது பட்டினி விஷயம். வெட்டித் தைத்த வயிறு ஒரு வாரம் கஞ்சித் தண்ணீர் குடிப்பதால் மேலும் சுருங்காது. அந்த ஒரு வாரத்தில் இரண்டு கிலோ இறங்கும், அதில் பெரும்பகுதி தண்ணீர். கொஞ்சம் தசையும் போகும். பழைய சாப்பாட்டுக்கு வந்ததும் தண்ணீர் திரும்பி வரும், போன தசை அவ்வளவு சுலபமாக வராது. தசை குறைந்த உடம்பு இன்னும் குறைவாகச் செலவு செய்யும். அடுத்த தேக்கம் இதைவிடக் கெட்டியாக வரும். ஆறு மாதத்துக்குள் இப்படி மூன்று முறை 'ரீசெட்' செய்துவிட்டு, படி ஏறக் கால் நடுங்குகிறது என்று வந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து தயமின், அதாவது வைட்டமின் பி1. உடம்பில் இதன் கையிருப்பு சில வாரத்துக்கு மேல் வராது. சாப்பாடு சரியாக உள்ளே போகாமல், வாந்தியும் தொடர்ந்தால் தீர்ந்துவிடும். அப்போது கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், ஆள் குழம்பிப் பேசுவார். இது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை. நம் ஊரில் வாந்தி என்று போனாலே முதல் வேலையாகக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டுவார்கள். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கு நிரந்தர பாதிப்பு வரலாம். பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனாலும், "எனக்கு வயிற்றை வெட்டி எடுத்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தயமின் போட்டுவிட்டு டிரிப் போடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இனி உங்கள் சாப்பாட்டுப் பட்டியல். நீங்கள் அனுப்பியது இது: காலை 6 மணிக்குச் சர்க்கரை போட்ட காபி, இரண்டு ரஸ்க். 9 மணிக்கு இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. 11 மணிக்கு ஒரு டம்ளர் மாதுளை ஜூஸ். மதியம் ஒரு கப் ரசம் சாதம் குழையப் பிசைந்து, ஒரு ஸ்பூன் நெய், கொஞ்சம் தயிர். 4 மணிக்குக் காபி, ஒரு கைப்பிடி மிக்சர். இரவு ராகிக் கஞ்சி, பாலும் வெல்லமும் போட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி. மொத்தம் 800 கலோரி இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள்.

நான் கூட்டிப் பார்த்தேன், 1,100-ஐ ஒட்டி வருகிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை. காபியையும் ஜூஸையும் மிக்சரையும் யாருமே சாப்பாடாக எண்ணுவதில்லை. அந்தக் கைப்பிடி மிக்சர் 30 கிராம் என்று வைத்தாலே 150 கலோரிக்கு மேல். ஆனால் என்னைக் கவலைப்பட வைத்தது கலோரி இல்லை. 1,100-லும் உங்கள் எடை குறையத்தான் செய்யும். புரதத்தைக் கூட்டினால் 25 கிராமைத் தாண்டவில்லை. உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும், முடிந்தால் 80. பாதிகூட வரவில்லை. உடம்பு மீதியைத் தன் தசையிலிருந்துதான் எடுக்கும். நீங்கள் எழுதிய அசதி, முடி கொட்டுவது, சாயங்காலம் கை எதையாவது கொறிக்கத் தேடுவது எல்லாமே இதோடு பொருந்திப் போகிறது.

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. பட்டியலில் இருக்கிற எல்லாமே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் சாப்பாடு. ஸ்லீவ் வயிற்றில் ஒரு துண்டு கோழிக்கறி உட்கார்ந்தால் போதும் போதும் என்று ஆகிவிடும். குழைத்த ரசம் சாதம், கஞ்சி, ஜூஸ், வாயில் கரையும் ரஸ்க், மிக்சர் இவை நிற்காமல் ஓடிவிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். ஆபரேஷன் ஆன புதிதில் மென்மையாகச் சாப்பிடச் சொன்னார்கள், அது அப்போதைக்குச் சரி. ஐந்தாவது மாதத்திலும் அதிலேயே இருப்பதுதான் தப்பு. கெட்டியாகச் சாப்பிட்டால் நெஞ்சில் அடைக்கிறது என்ற பயத்தில் பலரும் இப்படியே தங்கிவிடுகிறார்கள். அடைப்பது பெரும்பாலும் வேகத்தால். சுண்டுவிரல் நகம் அளவு துண்டு, நன்றாக மென்று, ஒரு வாய் உள்ளே போய் இறங்கிய பிறகு அடுத்தது. ஒரு வேளைக்கு 20 நிமிடமாவது ஆகட்டும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மற்ற நேரத்தில் வாய் வாயாகக் குடித்து ஒன்றரை லிட்டராவது சேர்த்துவிடுங்கள். இப்படி மென்று சாப்பிட்டும் அடைக்கிறது, வாந்தி வருகிறது என்றால் அது வேறு. குழாயில் சுருக்கம் விழுந்திருக்கலாம், எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும்.

உங்கள் சமையலறையிலேயே இருப்பதை வைத்து மாற்றலாம். காலையில் இரண்டு முட்டையும் ஒரு இட்லியும், இதில் 14 கிராம் புரதம் வந்துவிடும். முட்டையை முதலில் சாப்பிடுங்கள், இட்லிக்கு இடமிருந்தால் பார்க்கலாம். மதியம் தட்டில் முதலில் மீனோ கோழியோ, வெந்த பிறகு 75 கிராம் இருக்கட்டும், அதில் 18 கிராமுக்குக் குறையாது. அப்புறம் காய். கடைசியில் இரண்டு கரண்டி சாதம், குழைக்காமல். சாயங்காலம் மிக்சருக்குப் பதில் அரை கப் சுண்டல், 6 கிராம். இரவு கஞ்சியை எடுத்துவிட்டு 80 கிராம் பன்னீரைக் காயோடு வதக்கிச் சாப்பிடலாம், 14 கிராம். தயிர், காபியில் இருக்கும் பால் எல்லாம் சேர்ந்து 60-ஐத் தொட்டுவிடும். தினமும் கறி மீன் கட்டுப்படியாகாது என்றால் மீல் மேக்கர் இருக்கிறது. காய்ந்த உருண்டையில் 30 கிராம் எடுத்து ஊறவைத்தால் 15 கிராம் புரதம். வெந்நீரில் போட்டுப் பிழிந்து, பொடியாக நறுக்கி, பொரியலில் கலந்துவிடுங்கள், வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம். அன்றைக்கு எதுவும் சரிவராவிட்டால் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன், அதில் மட்டும் 20 கிராமுக்கு மேல். மாதுளை ஜூஸை நிறுத்திவிட்டு மாதுளை முத்துகளை மென்று தின்னுங்கள்.

கொள்ளு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிச் சொல்லி, உங்கள் பக்கத்தில் எடை குறைக்க நினைக்கும் எல்லோரும் கொள்ளு ரசத்தில்தான் தொடங்குவார்கள். கொள்ளு நல்ல பொருள், காய்ந்த கொள்ளு 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். ஆனால் ரசத்தில் வருவது வேகவைத்த தண்ணீர். வெந்த கொள்ளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அதைத் துவையலாக அரைத்தோ, சுண்டலாகத் தாளித்தோ சாப்பிடுங்கள். புரதம் அதில்தான் இருக்கிறது. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடலாம்.

அடுத்தது மாத்திரை. உங்கள் பட்டியலில் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது இங்கேதான். காலையில் எழுந்ததும் தைராய்டு, கால்சியம், இரும்புச்சத்து, மல்டிவைட்டமின் நான்கையும் ஒரே வாயில் போட்டு, மேலே காபி குடித்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மறந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையைக் குடலில் உறிஞ்சவிடாது. காபியும் தடுக்கும். தைராய்டு குறைந்தால் எடை நிற்கும், மலச்சிக்கல் வரும், முடி கொட்டும், உடம்பு ஓய்ந்து போகும். உங்களுக்கு இந்த நான்கும் இருக்கிறது. காரணம் இதுதான் என்று ரத்தப் பரிசோதனை இல்லாமல் நான் சொல்ல முடியாது, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இது. தைராய்டு மாத்திரை எழுந்ததும் வெறும் தண்ணீரில். காபி ஒரு மணி நேரம் கழித்து. இரும்பும் கால்சியமும் தைராய்டிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. இரும்பும் கால்சியமும்கூட ஒன்றாக வேண்டாம், நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு, சாயங்காலமும் இரவும் கால்சியம் சிட்ரேட் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு மணிக் காபியையும் இரும்பு மாத்திரையோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்காக வேறு ஒரு டாக்டர் கொடுத்த ஃப்ளூனாரிசின். அது பசியைத் தூண்டி எடையைக் கூட்டும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். தலைவலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட் இரண்டும் அப்படித்தான். மனநோய்க்கான சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, சில பிபி மாத்திரைகள், சர்க்கரைக்குக் கொடுக்கும் பியோகிளிட்டசோன், இன்சுலின் இவையும் எடை குறைவதை இழுத்துப் பிடிக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் போய், "எனக்கு இந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது, எடையைக் கூட்டாத மாற்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். தலைவலி வந்தால் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கமும் இருந்தால், டைக்ளோஃபெனாக், புரூஃபன் வகை வேண்டாம். உங்களுக்கும் நல்லதில்லை, பைபாஸ் செய்த கொழுந்தனாருக்கு வயிற்றில் புண் வந்து ஓட்டையே விழலாம். பாராசிட்டமால் போதும்.

மாதவிடாய் ஒழுங்காக வர ஆரம்பித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும், 41 வயதிலும்தான். முதல் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் கூடாது, அதற்கான தடுப்பைப் பற்றி மகளிர் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போய் எடையும் நின்றால் முதலில் வீட்டிலேயே ஒரு டெஸ்ட் செய்து பாருங்கள்.

நடைப்பயிற்சியைத் தொடருங்கள். ஆனால் ஒரு மணி நேரத்தை ஒன்றரை மணியாக்குவதைவிட, வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுப்பது உங்களுக்கு அதிகம் உதவும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைத் தூக்கி இறக்குவது, இவ்வளவு போதும் ஆரம்பத்துக்கு. முட்டி வலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இப்போது வீட்டு விஷயம். "இவ்வளவு செலவு பண்ணியும் இவ உடம்பு மட்டும் இறங்கலையே" என்று விருந்தாளிகள் முன்னால் மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கே கஷ்டமாக இருந்தது. உங்கள் கேள்வியின் நடுவில் ஒரே ஒரு வரியாக இன்னொரு விஷயம் வந்தது: இன்சுலின் நிறுத்தியாச்சு, குறட்டையும் குறைந்துவிட்டது. அம்மா, ஆபரேஷன் செய்ததே அதற்குத்தான்! தினம் இரண்டு வேளை ஊசி குத்திக்கொண்டிருந்தவர் இன்று சர்க்கரை நோய்க்கு ஒரு மெட்ஃபார்மின் மாத்திரையோடு இருக்கிறீர்கள். அதைக் கேள்வியின் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. ஆபரேஷன் செய்த 2,000 பேர், செய்யாத 2,000 பேர் என்று இரு தரப்பையும் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கே முதல் ஒன்றிரண்டு வருடத்தில் 32 சதவீதம் வரை குறைந்த எடை, பத்து வருட முடிவில் 25 சதவீதம் என்று வந்து நின்றது. கொஞ்சம் திரும்பி ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பது. ஆனாலும் ஆபரேஷன் செய்த தரப்பில் மரணங்கள் குறைவு, மாரடைப்பும் பக்கவாதமும் குறைவு. இதய நோய் குறைந்தது யாருக்கு எத்தனை கிலோ போனது என்பதைப் பொறுத்ததாக இல்லை என்று 2012-ல் அவர்களே எழுதினார்கள். உங்கள் மாமியாருக்கு இதை விளக்கச் சொல்லவில்லை. உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். அடுத்த செக்கப்புக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். வீட்டில் பதில் சொல்லும் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்ளட்டும். எடையைப் பற்றிய பேச்சு வேண்டாம் என்று அவர் ஒருமுறை அழுத்திச் சொன்னால், நீங்கள் பத்து முறை சொல்வதற்குச் சமம், நம் வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன.

ராத்திரி தூக்கம் வராமல் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், சில நாள் இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றும் கடைசியில் எழுதியிருந்தீர்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மனச்சோர்வு வருவது நடக்கிற விஷயம், சிலருக்கு அது கடுமையாகவே வரும். இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

உண்மையிலேயே எடை போதுமான அளவு குறையவில்லை என்று எப்போது சொல்வோம்? உலகளவில் இந்தத் துறை மருத்துவர்கள் இப்போது வைத்திருக்கும் கோடு, மொத்த எடையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகக் குறைந்திருப்பது, அல்லது எந்த நோய்க்காக ஆபரேஷன் செய்தோமோ அது சரியாக முன்னேறாமல் இருப்பது. அதையும் எடை இறங்கி முடிகிற காலம் வரை பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஐந்தாம் மாதத்தில் இல்லை. நீங்கள் இப்போதே 18-ல் இருக்கிறீர்கள். அப்படியே ஒரு வருடம் தாண்டியும் போதாமல் போனால் வழி அடைந்துவிடாது. குழாய் விரிந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோபியிலும் பேரியம் எக்ஸ்ரேயிலும் பார்ப்பார்கள். பசியை அடக்கி எடையைக் குறைக்கும் செமாகுளூடைட், டிர்செபடைட் ஊசிகளை ஆபரேஷனுக்குப் பிறகும் கொடுக்கிறார்கள், இரண்டும் இங்கேயே கிடைக்கின்றன. மிகச் சிலருக்கு ஸ்லீவை பைபாஸாக மாற்றுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று ஊசியை மெடிக்கலில் வாங்கி நீங்களாகப் போடாதீர்கள். ஏற்கெனவே 25 கிராம் புரதத்தில் ஓடும் உடம்பில் பசியை இன்னும் அடக்கினால் தசைதான் போகும்.

ஆறாவது மாதச் செக்கப்புக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. அதைத் தள்ளிப்போட வேண்டாம், எடை குறையவில்லையே, திட்டுவார்களோ என்று தயங்கவும் வேண்டாம். இந்த ஆபரேஷனில் பின்னால் கஷ்டப்படுகிறவர்களில் பெரும்பாலோர் செக்கப்புக்கு வராமல் நின்றுபோனவர்கள். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு), டிஎஸ்ஹெச் (தைராய்டு), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், தலைவலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூன்று நாள் சாப்பாட்டை, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, காபி முதற்கொண்டு எழுதி வையுங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை போடுவதாகச் சொன்னீர்களே, அதை ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தைராய்டு ரிசல்ட் தப்பாக வரும். மல்டிவைட்டமின் அட்டையின் பின்னாலும் ஒருமுறை பாருங்கள், அதிலும் பயோட்டின் இருக்கலாம். அன்று காலைத் தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.